ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று முதுகுகள்

புரட்டாசி மாதம் மூன்றாம் சனிக்கிழமை காலையில், தண்ணீர் லாரி வந்து தெருமுனையில் ஹாரன் அடித்த நேரத்தில், எங்கள் தெரு டெய்லர் செண்பகவல்லியின் வீட்டில் இருந்த ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று அழகிகளும் ஒருசேர முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்கள். சுவரில் ஒட்டியிருந்தவர்களும், டிரங்குப் பெட்டிகளில் கட்டுக் கட்டாகக் கிடந்தவர்களும், தையல் மிஷினுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்த நான்கு பேரும், யாரும் பாக்கியில்லாமல் திரும்பிவிட்டார்கள். செண்பகவல்லி இரண்டு குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது, தீபாவளி மலர் அட்டையில் மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்தவள் மத்தாப்பை அந்தப் பக்கமாகப் பிடித்திருந்தாள். மயிலுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்த இளவரசி மயிலை மட்டும் இந்தப் பக்கம் விட்டுவிட்டுத் தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். டெலிபோனைக் காதில் வைத்துச் சிரித்தவளின் சிரிப்பு இப்போது தோள் குலுங்கலாக மட்டும் தெரிந்தது. செண்பகவல்லி குடத்தை இறக்கி வைத்தாள், ஒவ்வொரு படமாகப் பார்த்தாள், பிறகு வாசலுக்கு வந்து எதிர் வீட்டு அமிர்தத்தைக் கூப்பிட்டு, "யக்கா, நான் இவளுகளை என்ன சொல்லிட்டேன்னு இப்படிக் கோவிச்சுக்கிட்டாளுக?" என்று கேட்டாள்.

அமிர்தம் வந்து பார்த்தாள். அவள் பார்த்ததால் தெருவே வந்து பார்த்தது. ஆச்சரியப்பட்டோம் என்று சொல்ல முடியாது, எங்கள் ஆவுடையாபுரத்தில் குழாயில் தண்ணீர் வந்தால்தான் நாங்கள் ஆச்சரியப்படுவோம், மற்றதெல்லாம் நடக்கிறபடி நடக்கும்.

இந்த அழகிகள் யாரென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து வாரப் பத்திரிகைகளிலும் தீபாவளி மலர்களிலும் அட்டைக்கென்றும் தொடர்கதைக்கென்றும் ஓவியர்கள் வரைந்தார்களே, காது வரை நீண்ட கண்ணும், கைக்குள் அடங்கும் இடுப்பும், வழுக்கிக்கொண்டே இருக்கிற முந்தானையுமாக, அவர்கள்தான். அந்த ஓவியர்களுக்கு ஏழைப் பெண்ணை வரையவே வராது, கதையில் மூன்று நாள் பட்டினி கிடக்கிறவளும் படத்தில் கொழுகொழுவென்று, பட்டு ஜாக்கெட்டோடு, தலையில் மல்லிகைச் சரத்தோடுதான் சாவாள். பழைய பேப்பர் கடைக்காரர்கள் ஊர் ஊராக எடைக்கு வாங்கி வருகிற மூட்டைகளைச் செண்பகவல்லிதான் முதலில் பிரித்துப் பார்ப்பாள். கதையை விட்டுவிடுவாள், துணுக்கை விட்டுவிடுவாள், சமையல் குறிப்பைக்கூட விட்டுவிடுவாள், பெண்ணை மட்டும் பிளேடால் ஓரம் பிசகாமல் எடுத்துக்கொள்வாள். லேடீஸ் டெய்லர்தானே, ஜாக்கெட் மாடலுக்காகச் சேர்க்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். அவளும் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

உண்மையில் அவள் சேர்த்தது தன் அம்மாவை.

செண்பகவல்லி பிறந்த பதினோராம் நாள் அவள் அம்மா சீனியம்மாள் ஜன்னி கண்டு இறந்துபோனாள். இருபத்திரண்டு வயது. அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது, ஏனென்றால் அப்பா அய்யாச்சாமிக்குப் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒரு நம்பிக்கை, கல்யாணத்தன்றுகூட ஸ்டுடியோக்காரரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அந்த முட்டாள்தனத்துக்காக அவர் சாகும்வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஐந்து வயதில் பிள்ளை, "அம்மா எப்படிப்பா இருப்பா?" என்று கேட்டது. அய்யாச்சாமி தன் டீக்கடையில் கிடந்த ஒரு பத்திரிகையைப் புரட்டி, குளக்கரையில் நிற்கிற ஒருத்தியைக் காட்டி, "கண்ணு இந்த மாதிரி இருக்கும்" என்றார். பிள்ளை அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டது. மறுநாள் அத்தை சொர்ணத்தாய் அதைப் பார்த்துவிட்டு, "உங்கப்பனுக்கு என்ன தெரியும், அவளுக்குக் கண்ணு சின்னது, தாடைதான் அழகு, இந்தா, இவளுக்கு இருக்கு பாரு அது மாதிரி" என்று இன்னொரு படத்தைக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி நெற்றியைக் காட்டினாள், பூக்காரி மூக்கைக் காட்டினாள், சொன்னவர்களே அடுத்த வருஷம் மாற்றிச் சொன்னார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு மறந்துவிட்டது, ஆனால் கேட்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்து மறந்துவிட்டது என்று சொல்ல மனசு வரவில்லை.

கண்ணாடியில் தேடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. செண்பகவல்லி அப்பாவை உரித்து வைத்தது போல இருந்தாள், அதே அகன்ற மூக்கு, அதே தொங்கிய கண்ணிமை. அப்பாவும் அத்தையும் போய்ச் சேர்ந்த பிறகு கேட்பதற்கும் ஆள் இல்லை, ஆனால் சேர்க்கிற கை நிற்கவில்லை. அட்டைக் கோப்புகளில் நெற்றி, புருவம், கண், மூக்கு, உதடு, தாடை என்று எழுதி ஒட்டி, வந்த படங்களை அந்தந்தக் கோப்பில் பிரித்து வைத்தாள். ஒருமுறை பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரிடம் ஆறு கோப்புகளையும் கொண்டுபோய்க் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முகம் வரைந்து தரச் சொன்னாள். அவர் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தார். அழகாகத்தான் இருந்தது, நகைக்கடைக் காலண்டரில் போடலாம் போல இருந்தது. அதைப் பார்த்துச் செண்பகவல்லி வீட்டுக்குப் போய் அழுதாள், அந்த முகம் தன்னைப் பெற்றிருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எந்தக் கோப்புக்கும் ஆகாத படங்களும் உண்டு. கிளப்பில் ஆடுகிறவள், குடும்பத்தைக் கெடுக்க வந்தவள், துப்பறியும் கதைகளில் துப்பாக்கியோ விஷக் குப்பியோ வைத்திருப்பவள், இப்படிப்பட்டவர்கள். அம்மா நிச்சயமாக இப்படி இருந்திருக்க மாட்டாள் என்று அவர்களைச் சரியாகப் பார்க்காமலே ஒரு கோணிப்பையில் போட்டு, மிஷினுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தாள்.

இப்போது கோப்பிலிருந்தவர்களும் கோணிப்பையிலிருந்தவர்களும் ஒன்றுபோல முதுகைக் காட்டிவிட்டார்கள். நெற்றி என்று எழுதிய கோப்பில் கொண்டை இருந்தது, உதடு என்று எழுதிய கோப்பில் பிடரி இருந்தது. தெருவில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். வந்தவர்கள் ஒவ்வொருவரும், படித்தவர் படிக்காதவர் வித்தியாசமில்லாமல், படத்தைக் கையில் வாங்கியதும் முதல் காரியமாகத் தாளைத் திருப்பிப் பார்த்தார்கள். முதுகு இந்தப் பக்கம் என்றால் முகம் அந்தப் பக்கம் இருக்க வேண்டுமல்லவா? அந்தப் பக்கம் தலைவலி மாத்திரை விளம்பரமும் வாசகர் கடிதமும்தான் இருந்தன. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் மட்டும் மூன்று தரம் திருப்பிப் பார்த்தார், நாலாவது தரம் அவள் எதிர்பாராத நேரத்தில் சட்டென்று திருப்பினால் மாட்டிக்கொள்வாள் என்று யோசனை சொன்னார். பூசாரி வந்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டு, தோஷம் ஒன்றும் இல்லை, பெண்பிள்ளைகள் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார். மதுரையிலிருந்து ஒரு டிவிக்காரர் கேமராவோடு வந்து இறங்கினார். "இதுக்கு முன்னாடி முன்பக்கம்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்கன்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். நாங்கள்தான் ஆதாரம் என்றோம். முதுகைக் காட்டும் பெண்ணின் படம் என்பது பார்க்கிறவர்களுக்கு முதுகைக் காட்டும் பெண்ணின் படமாகத்தானே தெரியும் என்று அவர் நியாயம் பேசி, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சலூன்காரர்தான் ரொம்ப வருத்தப்பட்டார், இனி பார்க்க என்ன இருக்கிறது என்று. ஆனால் பெண்கள் பார்த்தார்கள். முதல் வாரம் எங்கள் தெருப் பெண்கள், இரண்டாம் வாரம் ஊர்ப் பெண்கள், ஐப்பசி பிறந்ததும் பஸ் பிடித்து வந்தவர்கள். ஓவியர்கள் ஒருநாளும் வரையாத பக்கம் அது. ராணி மகாராணிகளின் ஜாக்கெட்டுக்குப் பின்னால் கொக்கி போன இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. சந்தன நிறத்துக்காரியின் முதுகில் வேர்க்குருவும் அதன் மேல் அப்பிய பவுடரும் இருந்தன. தரையைத் தொடும் பின்னலில் பாதி சவுரி என்பது பச்சையாகத் தெரிந்தது. வைர நகைக்காரி ஒருத்தியின் கழுத்துக்குப் பின்னால் சங்கிலிக் கொக்கி அறுந்து கறுப்புக் கயிற்றால் முடிந்திருந்தது. "ஐயோ பாவம், இவளும் நம்மள மாதிரிதான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், சிரித்துவிட்டு வெகுநேரம் நின்றார்கள். அமிர்தம் வரிசையை ஒழுங்குபடுத்தினாள், செருப்பைக் கழற்றச் சொன்னாள், மோர் கொடுத்தாள், படத்தைத் தொடுகிறவர்களை வைதாள். பின்பக்க மாடல் வேண்டுமென்று கேட்டவர்களுக்குச் செண்பகவல்லி அளவெடுத்துத் தைத்தும் கொடுத்தாள்.

கூட்டமெல்லாம் போன பிறகு அவள் அந்தப் படங்களிடம் பேசுவதை அமிர்தம் கேட்டிருக்கிறாள். "தப்புத்தான்" என்பாள். "ஒருத்தியையும் நான் முழுசாப் பாக்கல. உங்கிட்ட மூக்கு, உங்கிட்ட தாடைன்னு பிச்சுப் பிச்சு எடுத்துக்கிட்டேன். எனக்கு எங்கம்மா வேணும், அதுக்குத்தான் அப்படிச் செஞ்சேன், கோவத்தை விடுங்க." ஒரு முதுகும் அசையவில்லை.

கோணிப்பையில் இருந்தவர்களையும் பார்க்க வேண்டுமென்று வருகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் எதற்கு என்று செண்பகவல்லி தட்டிக் கழித்தாள். அமிர்தம்தான் விடவில்லை, "கெட்டவளுக்கும் முதுகு இருக்கும்ல" என்று சொல்லிப் பையை அவிழ்த்துக் கொட்டி, முற்றத்தில் துணி காயப்போடும் கொடியில் வரிசையாகக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மழை விட்டிருந்த பத்து மணிக்கு, சிவகாசிப் பக்கமிருந்து வந்த கூட்டத்தில் ஒரு பொம்பளை, அறுபத்தைந்து வயதிருக்கும், கையில் மஞ்சள் பை, மற்றவர்களெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு முன்னால் நகர, கொடியில் ஏழாவதாகத் தொங்கிய படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"ஏ சீனி!" என்றாள் சத்தமாக. "நீ எங்கட்டி இங்க வந்து நிக்க?"

உள்ளே செண்பகவல்லி ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லி இருபது வருஷமாகியிருந்தது. மிஷின் பெடலில் இருந்த கால் நின்றுபோய், அவள் எழுந்து வந்து முற்றத்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரைச் சொன்னீக?"

"இவளைத்தான். சீனியம்மா. எங்கூடத் தீப்பெட்டி ஆபீசுக்கு வந்தவ."

"அது எங்கம்மா" என்றாள் செண்பகவல்லி.

வந்தவள் திரும்பி அவளைப் பார்த்தாள், மேலும் கீழும் பார்த்தாள், "அய்யாச்சாமி மகளா நீ? அப்பனை உரிச்சு வச்சிருக்க" என்றாள். அவள் பெயர் குருவம்மா. எங்கள் ஊர்க்காரிதான், கல்யாணமாகிப் போய் நாற்பத்துச் சொச்சம் வருஷமாகிறது, போனபிறகு இந்தப் பக்கம் வர அவளுக்கு ஒரு காரியமும் இருக்கவில்லை. படங்கள் முதுகைக் காட்டுகிற அதிசயத்தைப் பஸ் கண்டக்டர் சொல்லிக் கேட்டு, வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தாள்.

செண்பகவல்லி அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்கக்கூட மறந்து, தரையில் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து வயதில் கேட்டதைக் கேட்டாள். "எங்கம்மா மூஞ்சி எப்படி இருக்கும் பெரியம்மா?"

குருவம்மா கண்ணை மூடி யோசித்தாள். நாங்களெல்லாம் சுற்றி நின்றோம்.

"நெனப்புல இல்ல தாயி" என்றாள். "பொய் சொல்லக் கூடாதுல்ல. மூணு வருசம் ஒண்ணாப் போனோம். இருட்டுக்குள்ள போவோம், இருட்டுக்குள்ள வருவோம். கம்மாய்க்கரையில ஒத்தையடிப் பாதை, அவ முன்னால போவா, நான் பின்னால போவேன். ஆபீசுல உக்காந்தாலும் வரிசைதான், குச்சி அடுக்கையில அவ முதுகுக்குப் பின்னால எனக்கு எடம். பேசுன பேச்செல்லாம் அவ முதுகோடதான் பேசினேன். மூஞ்சியைப் பாத்துப் பேச எங்களுக்கு ஏது நேரம்? ஆனா இந்த முதுகை எனக்குத் தெரியாமப் போயிருமா?"

அந்தப் படம் என்ன படம் என்று செண்பகவல்லி எடுத்துப் பார்த்தாள். பதினோரு வாரம் மட்டும் வந்து நின்றுபோன ஏதோ ஒரு பத்திரிகையில், துப்பறியும் தொடருக்கு வரைந்தது. கொள்ளைக் கூட்டத் தலைவி, ஓட்டல் மொட்டைமாடியில், சிவப்பு ஜாக்கெட்டும் கையில் சிகரெட்டுமாக நின்றவள். இப்போது சிகரெட் அந்தப் பக்கம் போய்விட்டது, இடது தோளுக்கு மேலே கொஞ்சம் புகை மட்டும் தெரிந்தது. "மார்கழியில இப்படித்தான் வரும், அவ பேசப் பேச வாயில இருந்து பொகை தோளுக்கு மேல வரும்" என்றாள் குருவம்மா. சோற்றுத் தூக்கைச் சுமந்து சுமந்து இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருப்பதைக் காட்டினாள். பிடரியில் மயிர் சுழித்திருப்பதைக் காட்டினாள். கடைசியில் ஜாக்கெட்டின் அக்குளுக்குக் கீழே, விரல் நுனியை வைத்து, "இந்தா, இது என் தையல்" என்றாள்.

சிவப்பு ஜாக்கெட்டில் பச்சை நூலால் ஒரு கிழிசல் தைத்திருந்தது.

"தீப்பெட்டிக் கட்டைத் தூக்கையில கிழிஞ்சு போச்சு. எல்லாரும் பாப்பாகளேன்னு அழுதா. ஆபீசுல கெடந்தது பச்சை நூலுதான், அதை வச்சு நின்ன வாக்குல தைச்சு விட்டேன். அசையாம நில்லுடின்னா நின்னாத்தானே, சிரிச்சுக்கிட்டே கெடந்தா, அதான் கோணலாப் போச்சு."

செண்பகவல்லி தையல்காரி. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தையல் பெரிதாக ஆரம்பித்து, நடுவில் இரண்டு இடத்தில் துள்ளி, முடிவில் அவசரமாகக் குறுகி, மூன்று முடிச்சோடு நின்றிருந்தது. உடம்பில் போட்டிருக்கும்போதே தைத்தது, உள்ளே இருந்தவள் அசைந்திருக்கிறாள். எந்த ஓவியரும் ஒரு கொள்ளைக் கூட்டத் தலைவிக்கு இப்படி ஒரு ஒட்டுத்தையல் போட்டிருக்க மாட்டார். அம்மா சிரித்த சிரிப்பு அந்தத் தையலில் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்ததும், இத்தனை வருஷத்தில் நாங்கள் கேட்டிராத குரலில் அவள் அழுதாள். அமிர்தம் கூட்டத்தையெல்லாம் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

அழுது முடித்த பிறகுதான் பயம் பிடித்தது. இந்த ஒருத்தியின் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட முகங்களில் புருவம் எத்தனை மயிர் என்பதுவரை சொல்லக்கூடியவள், சிகரெட்டைப் பார்த்ததும் இவளாக இருக்காது என்று கோணியில் போட்ட ஒருத்தியைத்தான் பார்க்காமல் விட்டிருக்கிறாள். அந்தப் பத்திரிகை வேறு எவரிடமும் இல்லை. பழைய பேப்பர் கடைகளுக்கெல்லாம் போன் போட்டாள், பெயரைக் கேட்டே சிரித்தார்கள்.

அப்புறம் இரண்டு நாள் அவள் மிஷினைத் தொடவில்லை. படத்தைச் சுவரில் தான் உட்கார்ந்த உயரத்துக்கு மாட்டி, அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். "ஒரு தடவை" என்றாள். "ஒரே ஒரு தடவை திரும்பும்மா. பாத்துட்டு விட்டுருதேன். அப்புறம் நீ எந்தப் பக்கம் வேணும்னாலும் பாத்துக்க." சாப்பிட்ட தட்டு அப்படியே காய்ந்தது. தெருவும் காத்திருந்தது, போஸ்ட்மாஸ்டர் மணிக்கொருதரம் வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், திரும்பினால் சொல்லுங்கள் என்று டீக்கடையிலிருந்து ஆள் விட்டார்கள். குருவம்மா போகிறேன் என்று சொல்லிச் சொல்லிப் போக மனசில்லாமல் தங்கினாள், சமைத்துப் போட்டாள், வெற்றிலை இடித்தாள், ஞாபகம் வந்ததையெல்லாம் சொன்னாள். சீனிக்குக் கொடுக்காப்புளி பிடிக்கும். சீனி நடக்கும்போது பாட்டுப் பாட மாட்டாள், கணக்குப் போடுவாள், எத்தனை கட்டு ஒட்டினால் எந்தப் புடவை என்று. பிள்ளை உண்டானதை முதலில் சொன்னது புருஷனிடம் இல்லை, குருவம்மாவிடம்தான், அதையும் முன்னால் நடந்துகொண்டே சொன்னாள். "நான் கட்டிக்கிட்டுப் போன ஊருக்கு ஒரே கடுதாசியில ரெண்டு சேதியும் வந்துச்சு தாயி, நீ பொறந்ததும், அவ போனதும். நான் எதுக்குன்னு அழுவேன்?"

வியாழக்கிழமை மத்தியானம் குருவம்மாவின் மகன் போன் செய்து, இனிமேலும் வராவிட்டால் நானே வந்து கூட்டிப் போவேன் என்று சத்தம் போட்டான். நாலரை மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். மழையில் ரோட்டுப் பாலம் உடைந்து, பஸ் ஊருக்குள் வராமல் கண்மாய்க்கு அந்தப் பக்கமே நின்று திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. கண்மாய்க்கரை வழியாகத்தான் நடந்து போக வேண்டும். தனியாக விட முடியாதே என்று செண்பகவல்லி எழுந்தாள். அமிர்தத்தைக் கூப்பிட்டுப் படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, "கண்ணை எடுக்காதீகக்கா" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை வீட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

கண்மாய் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் தண்ணீர் விளிம்பு வரை தளும்ப, மறுபக்கம் வயல்களெல்லாம் முங்கிக் கிடந்தன, நடுவில் கரை ஒரு ஆள் அகலத்துக்கு, களிமண் வழுக்கலோடு நீண்டு போனது. கரை ஏறியதும் குருவம்மா நின்றாள்.

"நீ முன்னால போ தாயி" என்றாள். "எனக்கு இந்தக் கரையில முன்னால போய்ப் பழக்கமில்ல."

செண்பகவல்லி முன்னால் நடந்தாள். பின்னால் கிழவியின் காலடி சறுக்குவதும் ஊன்றுவதும் கேட்டது. பாதி தூரத்தில், மடைக்குப் பக்கத்தில், கரை அரித்துக் குறுகியிருந்த இடம் வந்தது. செண்பகவல்லி கடந்தாள். பின்னால் வருகிறவள் எப்படிக் கடப்பாள் என்ற நினைப்பு வந்தது, திரும்பினால் தானும் வழுக்குவோம் என்பதும் தெரிந்தது, அதனால் திரும்பாமல், முன்னாலேயே பார்த்தபடி, இடது கையை மட்டும் பின்னால் நீட்டி விரல்களை விரித்தாள்.

கையை யாரும் பிடிக்கவில்லை. காலடிச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

"என்ன பெரியம்மா? பயமா இருக்கா?"

"இல்ல" என்றாள் குருவம்மா, குரல் ஒரு மாதிரி இருந்தது. "இதே எடத்துலதான். அவளும் திரும்பிப் பாக்க மாட்டா. இதே கையைத்தான், இதே மாதிரி விரலை விரிச்சு, பின்னால நீட்டுவா. மூணு வருசம் நீட்டினா. நான்தான் மறந்து போயிருந்தேன்."

பிறகு அவள் கை வந்து செண்பகவல்லியின் கைக்குள் விழுந்தது, சில்லென்று, சொரசொரப்பாக, குச்சி அடுக்கித் தேய்ந்த விரல்களோடு. அம்மாவின் கை பிடித்திருந்த கை. தான் பிறப்பதற்கு முன்னால், தன்னைச் சுமந்துகொண்டு இந்தக் கரையில் ஒருத்தி நடந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் செண்பகவல்லியின் உடம்புக்குத் தெரிந்தது. இடது தோள் கொஞ்சம் இறங்க, அவள் குருவம்மாவை இழுத்து அரித்த இடத்தைக் கடத்திவிட்டாள்.

கடந்த அந்த நிமிஷத்தில்தான் ஊர்ப்பக்கம் கூச்சல் கிளம்பியது. அமிர்தம் கண்மாய்க் கரையடி வரை ஓடி வந்திருந்தாள், அவளுக்குப் பின்னால் போஸ்ட்மாஸ்டரும் சலூன்காரரும் நாங்கள் பாதிப் பேரும்.

"ஏ செம்பகம்! திரும்பிட்டாளுகடி! எல்லாரும் திரும்பிட்டாளுக! உங்கம்மாவும் திரும்பிட்டா, ஓடியா! மறுபடி எந்தப் பக்கம் திரும்புவாளுகளோ, சீக்கிரம் ஓடியா!"

செண்பகவல்லியின் முதுகு விறைத்ததை நாங்கள் அங்கிருந்தே பார்த்தோம். நாற்பத்திரண்டு வருஷம் கேட்ட கேள்வி, பஸ் நிற்கிற திசைக்கு நேர் எதிரே, முந்நூறு அடி தூரத்தில், சுவரில் அவள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. அவள் கால் ஓடத் துடித்தது, அதைக் குருவம்மாவின் கையும் உணர்ந்தது.

"போயிட்டு வா தாயி" என்றாள் குருவம்மா. "போய்ப் பாரு. நான் இங்கன நின்னுக்கிறேன்."

அந்தக் கையிலிருந்து விரல்களை உருவிக்கொள்ளப் பார்த்தாள். செண்பகவல்லி விடவில்லை.

"இருக்கட்டும் பெரியம்மா" என்றாள், திரும்பாமல். "நீங்க கையை விட்றாதீக."